மருந்துச் சீட்டில் ரெண்டாவது மாத்திரை

எனக்குக் கழுத்துல கல்லு முளைச்சுதுன்னு சொன்னா சிரிப்பீங்க. சத்தியமா கல்லுதான். அமுக்கினா அமுங்காது, தள்ளினா நகராது. டாக்டரம்மா ஊசியால மூணு தடவ குத்தி உறிஞ்சிப் பார்த்தாங்க, ஒண்ணும் வரல. பஸ் விசாரணை கவுன்டர்ல பத்தொம்போது வருஷமா மைக் பிடிச்சவ நான். குரல் கம்மி, சோறு தொண்டையில நிக்க ஆரம்பிச்சதும், புத்துநோய்தான்னு நானே முடிவு கட்டிட்டேன்.

கழுத்தைத் திறந்து ஒரு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினாங்க. ரிசல்ட் அன்னைக்கு உள்ள போக எனக்குத் தைரியம் வரல. வெளிய பெஞ்சுலயே உட்கார்ந்துட்டேன், எங்க வீட்டுக்காரர்தான் உள்ள போனார்.

"புத்துநோய் இல்லையாம்! தைராய்டுல ஏதோ அழற்சியாம். தழும்பு மாதிரி இறுகிப் போயிருக்காம். லட்சத்துல ஒருத்தருக்குத்தான் வருமாம்."

"லாட்டரியில விழ மாட்டேங்குது, கழுத்துல மட்டும் விழுது பாருங்க"ன்னேன். அவர் சிரிக்கல.

ரெண்டு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தாங்க. வேளாவேளைக்கு அவரே பிரிச்சு உள்ளங்கையில வச்சுத் தருவார். அட்டையைக் கண்ணுலயே காட்ட மாட்டார். இவ்வளவு கரிசனம் கல்யாணமான புதுசுல கூட கிடையாது.

ரெண்டு வாரத்துல மாத்திரை தீர்ந்துச்சு. அவர் வேலைக்குப் போயிருந்ததால சீட்டை எடுத்துக்கிட்டு நானே மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரம்மா சீட்டைப் பார்த்துட்டுக் குரலைத் தாழ்த்தி, "மார்புல ஆபரேஷன் ஆச்சாம்மா?"ன்னாங்க.

"கழுத்துலங்க."

"ஓ... இந்த ரெண்டாவது மாத்திரை மார்பகப் புத்துநோய்க்குத்தான் கொடுப்பாங்க, அதான் கேட்டேன்."

சீட்டைப் பிடுங்கிக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

சாயங்காலம் அவர் செருப்பைக் கழட்டக்கூட விடல. "எங்கிட்ட மறைக்கிறீங்கல்ல?"

"உன் தலை மேல சத்தியமா இல்லம்மா."

அந்தச் சத்தியம்தான் என்னைக் கொன்னுச்சு. எங்கம்மாவுக்குப் புத்துநோய் வந்தப்போ, "வெறும் கட்டிதாம்மா"ன்னு அவங்க தலை மேல அடிச்சுச் சத்தியம் பண்ணினவ நான். இப்படித்தான், கண்ணைப் பார்க்காம பண்ணினேன்.

மறுநாள் காலையில டோக்கன் கூடப் போடாம டாக்டரம்மா ரூமுக்குள்ள நுழைஞ்சேன். அவர் பின்னாடியே ஓடி வந்தார்.

"மனசைத் திடப்படுத்திக்கிட்டுத்தான் வந்திருக்கேன். எவ்வளவு நாள்னு சொல்லுங்க."

டாக்டரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாங்க. மருந்துக்கடையில கேட்டதை நான் சொன்னதும் ரிப்போர்ட்டை என் பக்கம் திருப்பி வச்சு, ஒரு வரியில விரலை ஊனினாங்க. புற்றுநோய் செல்கள் இல்லைன்னு இருந்துச்சு. நானே எழுத்துக்கூட்டிப் படிச்சேன். ரெண்டு தடவ படிச்சேன்.

"அந்த மாத்திரைக்கு இந்த இறுக்கத்தைக் குறைக்கிற குணமும் உண்டு. அதுக்காகத்தான் கொடுத்தேன். மாசக்கணக்கில சாப்பிடணும். இதையெல்லாம் உங்க வீட்டுக்காரர்கிட்ட அன்னைக்கே சொன்னேனே!"

திரும்பிப் பார்த்தேன். மனுஷன் சுவத்தோட சாஞ்சு நிக்கிறார். முகமெல்லாம் கண்ணீர்.

"மருந்துக்கடையில எங்கிட்டயும் அதைத்தான் கேட்டாங்க, டாக்டர். நான் தாங்க மாட்டேன்னு நீங்க எங்கிட்டயே மறைக்கிறீங்கன்னு நெனச்சேன்." மூக்கை உறிஞ்சினார். "அப்ப இவ சாக மாட்டாளா?"