கர்னலின் ஜெஸ்ஸி

எங்கள் குடும்ப இடுகாட்டுச் சுவருக்கு உள்ளே, அண்ணி நடீனின் கல்லறைக் கல்லுக்கு இடது பக்கம், ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இடம் இருக்கிறது. அது என் அண்ணன் ராய்ஸுக்கான இடம். அவன் அங்கே புல் வெட்டிக்கொண்டிருந்தபோதுதான், சுற்றியிருக்கும் நிலத்தைப் புதிதாக வாங்கியிருந்த மிசஸ் ஆல்ட்மன் குதிரைமேல் வந்து நின்று, "இங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டார். "என் பொண்டாட்டிக்குத் தலை சீவி விடுறேன்" என்றான் ராய்ஸ். அந்தம்மா சிரிக்கவில்லை. வாஷிங்டனிலிருந்து வந்து எங்கள் பக்கம் நிலம் வாங்குகிறவர்களுக்கு எங்கள் ஊர்ப் பேச்சு பிடிபடக் கொஞ்ச காலம் ஆகும்.

அதற்கு முன் அந்த நிலம் கிப்ஸ் கிழவனிடம் இருந்தது. அப்பாவைப் புதைத்தபோதும் சரி, ராய்ஸின் மனைவி நடீனைப் புதைத்தபோதும் சரி, கிப்ஸ் ஒரு காகிதம் கேட்டதில்லை. தானே டிராக்டரைக் கொண்டுவந்து குழி வெட்டிக் கொடுத்தான். "லாக்ரிட்ஜ் ஆளுங்க லாக்ரிட்ஜ் இடுகாட்டுக்குத்தான வரணும்" என்பான். கிப்ஸ் போய்ச் சேர்ந்தான், பிள்ளைகள் நிலத்தை விற்றார்கள். பிறகு ஆல்ட்மன் வீட்டு வக்கீலிடமிருந்து கடிதம் வந்தது. கர்னல் அம்ப்ரோஸ் லாக்ரிட்ஜின் வாரிசுகள் பண்ணையை விற்றபோது, சுவருக்குள் இருக்கும் அரை ஏக்கரை மட்டும் தங்கள் வம்சத்துக்கென்று ஒதுக்கிவைத்தது உண்மைதான். நீங்கள் அந்த வம்சம் என்று ஆதாரம் காட்டினால் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டின பெண்டாட்டி பக்கத்தில் படுப்பதற்கு, இங்கிலாந்து ராஜா ஆண்ட காலத்தில் செத்துப்போனவனிடம் ஒருவன் அனுமதி வாங்க வேண்டுமா?

ராய்ஸுக்குக் கோபம் வரவில்லை. உண்மையில் அவனுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். முப்பது வருடமாக அவன் காத்திருந்த கேள்வியை ஒருவர் கடைசியில் கேட்டுவிட்டார். மர அறுவை ஆலையில் வேலை, சனிக்கிழமையானால் கோர்ட் கட்டடத்து ஆவண அறை, ஞாயிற்றுக்கிழமை தேவாலயம், இதுதான் அவன் வாழ்க்கை. கூடத்துச் சோபாவுக்கு மேலே கண்ணாடிச் சட்டத்தில் வம்ச மரம் தொங்குகிறது. உச்சியில் கர்னல், அரசர் முத்திரையோடு ஆயிரக்கணக்கான ஏக்கர் வாங்கியவர். "செத்து இத்தனை வருஷமாச்சு, இன்னும் இந்த மனுஷனுக்கு நான்தான் தூசி தட்ட வேண்டியிருக்கு" என்று நடீன் அலுத்துக்கொள்வாள். எங்கள் வீட்டு பைபிளின் முதல் பக்கத்தில் குடும்பம் ஜெஸ்ஸி லாக்ரிட்ஜ் என்பவரிலிருந்து தொடங்குகிறது. ஜெஸ்ஸிக்கு மேலே யாரும் இல்லை. கர்னலின் உயிலில் தாமஸ், ஹென்றி என்று இரண்டு மகன்கள்தான். சட்டத்துக்குள் இருக்கும் அந்த மரத்தில் எல்லாக் கோடுகளும் மையில் போட்டவை. கர்னலையும் ஜெஸ்ஸியையும் இணைக்கும் கோடு மட்டும் பென்சில்.

அந்தப் பென்சில் கோட்டுக்கு அவனிடம் ஒரே ஓர் ஆதாரம் இருந்தது. அந்தக் காலத்தில் நாலு வருடத்துக்கு ஒருமுறை அக்கம்பக்கத்து நிலக்காரர்கள் ஒன்றுகூடி ஒவ்வொருவர் எல்லையையும் நடந்து பார்ப்பார்கள். மூலை மரங்களில் பழைய கோடரி வெட்டு மூடிப்போயிருந்தால் மறுபடி வெட்டுவார்கள். யார் யார் நடந்தார்கள் என்பது தேவாலயப் புத்தகத்தில் ஏறும்; அந்தப் புத்தகம் இப்போது கோர்ட் ஆவண அறையில் இருக்கிறது. கர்னலின் எல்லையை நடந்தவர்கள் வரிசையில், கர்னல், உடன் தாமஸ், ஹென்றி, ஜெஸ்ஸி என்று இருக்கிறது.

"சின்னப் பையனை எதுக்குக் காடு மேடெல்லாம் கூட்டிட்டுப் போவான்?" என்று ராய்ஸ் என்னிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறான். பதிலையும் அவனே சொல்லுவான். "நாளைக்கு இதெல்லாம் உன்னோடதுடா, நல்லாப் பாத்து வச்சுக்கோன்னு காட்டத்தான். பெத்தவன் செய்யற வேலை அது."

அந்தப் பக்கத்தின் முத்திரை வைத்த நகல் வந்தால் போதும் என்று வக்கீல் இறங்கிவந்தார். ஆனால் அதற்குள் ராய்ஸின் நுரையீரல் கைவிட்டுவிட்டது. மூக்கில் குழாய், பக்கத்தில் இரைந்துகொண்டிருக்கும் ஆக்சிஜன் பெட்டி. கட்டிலைக் கூடத்துக்கே கொண்டுவந்து போட்டோம். கோர்ட்டுக்கு நான்தான் போக வேண்டியதாயிற்று. நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். அந்த அறைக்குள் கால் வைத்ததே இல்லை.

"போனமா, நகலை வாங்கினமா, வந்தமான்னு இரு ஓப்பல். அங்க உக்காந்து ஊர்க்கதை பேசாத."

"நீ முப்பது வருஷம் பேசின எடம்தானே? உன் பங்கு போக எனக்கு ஏதாவது மிச்சம் இருக்கும்."

அவன் சிரிக்கப் போய் இருமினான். நான் கிளம்பினேன்.

ஆவண அறையில் இருக்கும் ஐரின் சின்ன வயதில் என் பஸ்ஸில் வந்தவள். எப்போதும் கடைசி சீட், எப்போதும் வாந்தி. இப்போது மூக்குக் கண்ணாடியும் சாவிக்கொத்துமாக அவள்தான் அங்கே எல்லாம். நகலை எடுத்து முத்திரை வைத்துக் கொடுத்தாள். நான் கைப்பையை மூடுவதற்குள், "மிஸ் ஓப்பல், இருங்க. மிஸ்டர் ராய்ஸுக்கு இன்னொண்ணும் இருக்கு" என்றாள். "பழைய வழக்குக் கட்டுங்க. தொட்டா உதிர்ந்துடும்னு இத்தனை நாள் யாருக்கும் குடுக்கல. இப்பத்தான் பிரிச்சு நேராக்கி வச்சிருக்காங்க. கர்னலோட பையனும் பக்கத்து நிலக்காரனும் எல்லைக்காக அடிச்சுக்கிட்ட கேஸ். உங்க ஜெஸ்ஸி சாட்சி சொல்லியிருக்கார் பாருங்க. மனுஷன் துள்ளிக் குதிக்கப் போறார்." பிரித்தவர்கள் தட்டச்சு செய்த பிரதியையும், படிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று, தான் படித்துக்கூடப் பார்க்காமல் எனக்காக எடுத்து வைத்திருந்தாள். அந்தப் பெண்ணின் நல்ல மனசை என்னவென்று சொல்வது.

ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தேன். கூன் ஓடைக் கரையில் வாரத்துக்குப் பயிர் செய்யும் ஜெஸ்ஸி, வயது அறுபது அல்லது அதை ஒட்டி, சத்தியம் செய்து சொல்வது. எட்டு அல்லது ஒன்பது வயதில் தான், பெரியவனாகும்வரை கூலியில்லாமல் உழைக்கக் கர்னல் வீட்டுக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட அநாதைப் பையன். எல்லை நடையின்போது, இப்போது வழக்கில் இருக்கும் இந்த வெள்ளை ஓக் மரத்தடியில் பெரியவர்கள் நின்றார்கள். நாம் எல்லாம் செத்த பிறகும் இந்த மூலை ஒருவன் நினைவில் இருக்க வேண்டும், அதற்கு ஒரு பையனை இங்கே அடிக்க வேண்டும் என்றார்கள். கர்னல் தன் மகன்களைத் தொடக் கூடாது என்று சொல்லி, அதற்காகவே இவனை அழைத்து வந்திருப்பதாகச் சொன்னார். ஹிக்கரி மரக் குச்சியால் இந்த மரத்தடியில் அடித்தார்கள். அடுத்த மூலையிலும் அடித்தார்கள். நிலம் சுற்றி முடியும்வரை ஒவ்வொரு மூலையிலும் அடித்தார்கள். இதே மரம்தானா என்று கேட்டதற்கு, இதே மரம்தான் என்றான். தகப்பன் பெயர் கேட்டதற்கு, தெரியாது என்றும், கர்னலின் ஜெஸ்ஸி என்று எல்லோரும் கூப்பிட்டதால் லாக்ரிட்ஜ் என்ற பெயரே நிலைத்துவிட்டது என்றும் சொன்னான். கீழே கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி. அவன் சாட்சியால் வழக்கு கர்னலின் மகன் பக்கம் தீர்ப்பானது.

"நல்ல சேதிதானே?" என்று ஐரின் தன் மேசையிலிருந்து கேட்டாள். ஆமாம் என்றேன்.

வரும் வழியில் பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். முதல் நகல் ஒன்றே போதும். வக்கீலுக்கும் போதும், ராய்ஸுக்கும் போதும். இரண்டாவதைக் கிழித்துக் குப்பையில் போட்டால் என் அண்ணன் நினைத்தபடியே வாழ்ந்து நினைத்தபடியே சாவான். கிழிக்கத்தான் எடுத்தேன். ஆனால் அந்த ஒன்பது வயதுப் பையனைக் கிழித்துப் போட எனக்குக் கை வரவில்லை. இத்தனை வருடம் எத்தனை பிள்ளைகளைப் பத்திரமாக வீட்டில் இறக்கிவிட்டிருப்பேன். இவனை எங்கே இறக்கிவிடுவது என்று தெரியாமல் அழுதேன்.

ராய்ஸ் முதல் நகலைப் பார்த்ததும் முத்திரையை விரலால் தடவினான். பிறகு என் முகத்தைப் பார்த்தான்.

"இன்னொண்ணு என்ன?"

"ஒண்ணுமில்ல. பால் வாங்கின ரசீது."

"ஓப்பல், பொய் சொல்ற மூஞ்சியா உனக்கு? எடு."

கொடுத்தேன். சமையலறையில் போய் நின்றுகொண்டேன். பாத்திரம் கழுவுவதுபோலத் தண்ணீரைத் திறந்துவிட்டேன், ஒரு பாத்திரமும் கழுவவில்லை. அவன் கூப்பிட்டதும் தண்ணீரை மூடிவிட்டுப் போனேன்.

"இது வேற ஜெஸ்ஸியா இருக்கும்" என்றான்.

"கூன் ஓடைன்னு போட்டிருக்கு ராய்ஸ்."

நம் ஜெஸ்ஸியும் கூன் ஓடைதான் என்பதைக் கண்டுபிடித்ததே அவன்தான். காகிதம் நெஞ்சின்மேல் கிடந்து ஏறி இறங்கியது.

"எட்டு வயசா?"

"எட்டோ ஒம்பதோ."

"அந்த நெலத்துக்குப் பதினோரு மூலை ஓப்பல்." குரல் தேய்ந்துபோயிருந்தது. "நான் வரைபடத்தை வச்சுக்கிட்டு முழுக்க நடந்திருக்கேன். கிப்ஸ்கூட வந்தான். ஒவ்வொரு மூலையிலயும் நின்னு போட்டோ எடுத்துக்கிட்டேன். தொப்பியை எடுத்துட்டு, சிரிச்சுக்கிட்டு."

அந்தப் போட்டோக்கள் எனக்குத் தெரியும். அவற்றை எத்தனை கிறிஸ்துமஸுக்கு உட்கார்ந்து பார்த்திருக்கிறோம்.

இரண்டு நாள் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. சோள ரொட்டியை மோரில் நனைத்து ஊட்டினால் தலையைத் திருப்பிக்கொண்டான். மூன்றாம் நாள் காலை, "என்னைச் சுவருக்கு வெளியில போட்ருங்க" என்றான். சுவருக்கு வெளியே மரங்களுக்கு நடுவில் நிலம் வரிசையாகக் குழிந்து கிடக்கும். தலைமாட்டில் பெயர் எழுதாத காட்டுக் கல். அடிமைகள், வேலைக்கு எழுதிக் கொடுக்கப்பட்டவர்கள், எல்லோரும் அங்கேதான். "அவனும் அங்கதான் எங்கயாவது கிடப்பான். நடீனுக்குப் பக்கத்துச் சுவர்தான். எங்க ரெண்டு பேர் நடுவுல அந்தக் கல்லுச் சுவர் மட்டும்தானே."

"வெளியில போட நமக்கு உரிமை இல்லையே" என்றேன். சொல்லியிருக்க வேண்டாம், ஆனால் அவனிடம் பொய் சொல்ல வராது என்று முன்பே தெரிந்துபோயிற்று. "சுவருக்குள்ளதான் வம்சத்துக்குன்னு ஒதுக்கியிருக்கு. வெளியில இருக்கறதெல்லாம் அந்தம்மா நெலம்."

அவன் என்னையே பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் மூச்சுத் திணறலாகி, நான் ஓடிப்போய் நிமிர்த்திப் பிடிக்க வேண்டியதாயிற்று.

"பொய் சொன்னா உள்ள விடுவாங்க" என்றான், மூச்சு வந்ததும். "நெசத்தைச் சொன்னா வெளியிலகூட எடமில்ல."

நான் அவன் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். சட்டைக்குள் எலும்பு ஒவ்வொன்றும் கைக்குத் தட்டுப்பட்டது.

"மொதக் காகிதத்தை அனுப்பு. நடீன் தனியாக் கிடப்பா. இன்னொண்ணை, நான் போனப்புறம் என் சட்டைப்பையில வச்சு விடு. அவ படிக்கணும். என்னை எவ்வளவு கிண்டல் பண்ணியிருப்பா."

அனுப்பினேன். ஒரு வாரத்தில் மிசஸ் ஆல்ட்மன் நேரிலேயே வந்துவிட்டார், சம்மதப் பத்திரமும் கையால் சுட்ட வாழைப்பழ ரொட்டியுமாக. நல்ல மனுஷிதான், அதையும் சொல்ல வேண்டும். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, வக்கீல் வைத்துப் பேசியதற்காக வருத்தப்பட்டார். கர்னல் அம்ப்ரோஸ் லாக்ரிட்ஜின் வம்சாவளியினன் என்று அச்சடித்திருந்த வரிக்குக் கீழே ராய்ஸ் கையெழுத்துப் போட வேண்டும். நான் அட்டையைப் பிடித்துக்கொண்டேன். அவன் பேனாவை இரண்டு தடவை எடுத்து எடுத்து வைத்தான். சாகப்போகிறவனுக்குப் பேனா பிடிக்கச் சக்தி இல்லை என்று அந்தம்மா நினைத்திருக்க வேண்டும், பார்வையை மேலே வம்ச மரத்துக்குத் திருப்பிக்கொண்டார். அவன் போட்டு முடித்தான்.

"நீங்க அனுப்பின நகலைப் படிச்சேன்" என்றார் மிசஸ் ஆல்ட்மன். "எங்க வீட்டுக்காரருக்கும் படிச்சுக் காட்டினேன். அவ்வளவு பெரிய மனுஷர், பசங்களைக் கூட்டிக்கிட்டு காடெல்லாம் நடந்திருக்கார் பாருங்க. இந்தக் காலத்துல எந்த அப்பா நடக்கறார்? அவர் எப்படி இருந்தார்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே, இத்தனை வருஷம் தேடியிருக்கீங்க. நல்ல அப்பாவா?"

நான் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தி நின்றுவிட்டது. ராய்ஸ் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு அவரைப் பார்த்தான். இப்போது சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். சொல்லிவிடக் கூடாதே என்றும் நினைத்தேன்.

"நல்ல அப்பாதான் மேடம்" என்றான். "தன் பிள்ளைங்க மேல ஒரு அடி விழ விடல."

அந்தம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. போர்வைக்கு வெளியே கிடந்த அவன் கையை மெல்லத் தட்டிக்கொடுத்தார். தட்டிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தட்டலுக்கும் அந்தக் கை கொஞ்சம் சுருங்கிச் சுருங்கி விரிந்தது.