முதல் முதலீட்டுக்கு ஏற்ற வீடு

முதல் வீடு வாங்குவது எப்படி என்று ஒருவர் இலவசமாகச் சொல்லித் தருகிறாராம். என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனது என் கொழுந்தன்தான். அவனுக்கு வாங்கி வாடகைக்கு விடுகிற ஆசை. எனக்கு அந்த வம்பெல்லாம் வேண்டாம். கல்யாணமானதிலிருந்து சாமான் மூட்டையைக் கட்டிக் கட்டி அலுத்துவிட்டது. ‘காலி பண்ணுங்க’ என்று எவனும் சொல்ல முடியாத ஒரு வீடு வேண்டும். அதற்கு யோசனை கேட்கத்தான் போனேன்.

ஓட்டல் கூடத்தில் ஏசி நடுக்கியது. ஆலோசகர் பளபளவென்று மேடைக்கு வந்தார்.

“வீட்டைப் பாக்காதீங்க, குடியிருக்கறவங்களைப் பாருங்க. குழாய் ஒழுகினா அவங்களே சரி பண்ணிப்பாங்க. பிள்ளைங்க பக்கத்துப் பள்ளிக்கூடத்துல படிப்பாங்க. வாடகையை ஏத்தினா முணுமுணுப்பாங்க, ஆனா போக மாட்டாங்க. அப்படி ஒரு குடும்பம் இருக்கற வீடு கிடைச்சா விடவே விடாதீங்க!”

கூடமே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன்.

“இந்த வாரம் விலைக்கு வந்திருக்கறது” என்று திரையில் ஒரு சமையலறையைக் காட்டினார். தரையில் எந்த இரண்டு டைல்ஸும் ஒரே நிறமில்லை. எங்கள் வீட்டுச் சமையலறை! என் கணவர் டைல்ஸ் பதிக்கிறவர். வேலை செய்கிற இடங்களில் மிஞ்சியதைக் கேட்டு வாங்கி வந்து, லீவு நாளெல்லாம் மண்டி போட்டு அவர் பதித்த தரை அது. அடுப்போரம் என் கைப்பிடித் துணிகூடத் தொங்கிக்கொண்டிருந்தது. போன மாதம் வீட்டு ஓனர், இன்சூரன்ஸுக்குப் படம் எடுக்க வேண்டும் என்று ஒருவனை அனுப்பியிருந்தார். அந்த மகராசனுக்கு நான் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, டீ வேறு போட்டுக் கொடுத்தேன்.

“தரையைப் பாருங்க. குடியிருக்கறவர் சொந்தச் செலவுல போட்டது. உங்களுக்குச் செலவே இல்லை. புதுத் தரைன்னு சொல்லியே வாடகையை ஏத்தலாம்.”

என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

“அது நாங்க இருக்கற வீடு! அந்தத் தரையைப் போட்டது என் புருஷன். அதைக் காட்டி எங்ககிட்டயே வாடகையை ஏத்துவீங்களா? வெக்கமா இல்லை உங்களுக்கு?”

கூடம் திரும்பிப் பார்த்தது. ஆள் வெலவெலத்துப் போவார் என்று நினைத்தேன். அவரோ முகமெல்லாம் பல்லாக, “நல்லதாப் போச்சு! குடியிருக்கறவங்களே வந்திருக்காங்க. சந்தேகம் இருந்தா நேராவே கேட்டுக்கங்க” என்றார்.

மளமளவென்று கைகள் எழுந்தன. கண்ணாடி போட்ட ஒரு பெண் ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

“அக்கா, எவ்வளவு ஏத்தினா நீங்க காலி பண்ணிட்டுப் போவீங்க?”

பின்வரிசையில் ஒரு பெரியவர், “பாத்ரூமுக்கும் டைல்ஸ் போடற எண்ணம் இருக்காம்மா?” என்றார்.

இவர்களில் ஒருவருக்குக்கூட நான் ஒரு மனுஷியாகத் தெரியவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கொழுந்தன் பின்னாலேயே ஓடி வந்தான். பஸ் நிறுத்தம் வரைக்கும் தலையைக் குனிந்துகொண்டே வந்தான். பாவம், அவனுக்கும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். சொந்தத் தம்பி மாதிரி என் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன்.

“அண்ணி, கோவிச்சுக்காதீங்க” என்று மெல்ல ஆரம்பித்தான். “எப்படியும் எவனோ ஒருத்தன் வாங்கத்தான் போறான். அதுக்கு நானே வாங்கிட்டா என்ன? உங்களுக்குன்னா பாத்துத்தான் ஏத்துவேன்.”

பஸ் வந்து நின்றது.

“நீ அடுத்த பஸ்ல வா” என்று சொல்லிவிட்டு ஏறினேன்.