மகேந்திரன் என்று ஒருவன் இல்லை

எந்த நம்பரில் இருந்து அழைப்பு வந்தாலும் அம்மா எடுத்துவிடுவார். தெரியாத நம்பரை எடுக்காதே என்று சொல்லி அலுத்துவிட்டேன். கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலையை விட்ட பிறகும் பகலில் தூங்கும் பழக்கம் என்னை விடவில்லை. அம்மாவின் கைப்பேசி என்னைத் தூங்க விடவில்லை.

"எடுக்காம விட்டு, அது ஒங்க மாமாவா இருந்தா?" என்பார்.

மாமா என்றால் ஆயர் தாவார் ஊரில் இருக்கும் தர்மேந்திரன், அம்மாவின் தம்பி. மூன்று தீபாவளிக்கு முன்பு, எங்கள் ஈப்போ வீட்டில், வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும், "அக்கா, இது ஆட்டுக்கறியா, ஒட்டுப்பாலா?" என்று கேட்டார். எல்லாரும் தோட்டத்தில் ரப்பர் மரம் வெட்டிப் பாலெடுத்த குடும்பம். மரத்தில் காய்ந்து ரப்பராய் இறுகிய ஒட்டுப்பாலைப் பிய்த்து இழுக்காத கை கிடையாது. வீடே சிரித்தது. அம்மா அவர் முன்னால் இருந்த தட்டை எடுத்துப் போய்ப் பூனைக்கு வைத்தார். அன்றோடு பேச்சு நின்றது.

அடுத்த மாதம் மாமாவின் மகள் சரளாவுக்குக் கல்யாணம். அத்தை முறையான அம்மா இல்லாமல் மேடையில் ஒன்றும் நகராது. ஊரெல்லாம் பத்திரிகை போய்விட்டது, எங்களுக்கு வரவில்லை. மாமா நம்பரை மாற்றிவிட்டார் என்றும் கேள்வி. கேட்டு வாங்கிக் கூப்பிடலாம். அம்மா மாட்டார். அவனே கூப்பிடட்டும் என்று கைப்பேசியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

கூப்பிட்டதெல்லாம் வேறு ஆட்கள். போலீஸ் என்று மிரட்டும் மலாய்க் குரல், பார்சல் வந்திருக்கிறது என்னும் ஆங்கிலக் குரல். இவர்களால் தொல்லை இல்லை. தம்பி இல்லை என்று தெரிந்ததும் அம்மா வைத்துவிடுவார். தமிழில் பேசுகிறவர்கள்தான் ஆபத்து.

"அக்கா, யாருன்னு தெரியுதா?"

இந்த ஒரு கேள்வி போதும். சொந்தக்காரனிடம் 'நீ யார்' என்று கேட்க நம் ஆட்களுக்கு வாய் வராது. குரல் பிடிபடாவிட்டாலும் ஏதாவது ஒரு பெயரைச் சொல்லி வைப்போம். பக்கத்து வீட்டுக் கலாதேவி அக்கா இப்படித்தான் தன் சொந்தக்காரப் பையன் என்று நினைத்து, "விக்கியா?" என்று கேட்டார். அவனும் "ஆமாக்கா, விக்கிதான்" என்றான். ஆஸ்பத்திரி, அவசரம் என்று அழுது, சங்கிலி வாங்க வைத்திருந்த காசைக் கறந்துவிட்டான். உண்மையான விக்கி அந்நேரம் காம்பார் டவுனில் ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்தான்.

"நீயாப் பேரு எடுத்துக் குடுக்காதம்மா," என்றேன்.

"பேரு சொல்லலன்னா கோச்சுக்குவாங்கலா."

"அப்ப இல்லாத பேரச் சொல்லு."

அம்மா யோசித்தார். எங்கள் சொந்தத்தில் எப்படித் தேடினாலும் மகேந்திரன் என்று ஒருவன் இல்லை.

மறுநாளே ஒருத்தன் மாட்டினான்.

"அத்தே, யாருன்னு தெரியுதா?"

"மகேந்திரனா?"

"ஆமா அத்தே! கொரல வச்சே கண்டுபிடிச்சிட்டீங்களே!"

"நல்லாருக்கியாப்பா? காலு எப்படி இருக்கு?"

"காலு… இப்பப் பரவால்ல அத்தே."

"ஆஸ்பத்திரியில வெட்டி எடுத்த காலு எப்படிடா பரவால்லாம இருக்கும்?"

லைன் செத்துப்போனது. அம்மாவுக்கு ஒரே குஷி. பிறகு வந்த மகேந்திரன்களில் ஒருவனுக்கு இரண்டாவது பெண்டாட்டி கட்டி வைத்தார். இன்னொருவனை பாகான் டத்தோவில் தென்னை மரத்திலிருந்து கீழே தள்ளினார். கலாதேவி அக்கா காப்பியோடு வந்து பக்கத்தில் உட்கார ஆரம்பித்தார். எந்த மகேந்திரனும் எதையும் மறுக்கவில்லை. பெற்ற பிள்ளைகூட அவ்வளவு மரியாதையாகப் பேசாது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இன்னொரு புது நம்பர். அம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

"யாருன்னு தெரியுதா?" கரகரத்த குரல்.

அம்மா எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார். "மகேந்திரனா?"

"எவன் அவன் மகேந்திரன்?"

அம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது. இல்லை என்று சொன்ன முதல் ஆள்.

"நாந்தாக்கா, தர்மேந்திரன்."

"எந்தம்பி பேர எங்கடா புடிச்ச? பேஸ்புக்குலயா? அவன் கொரலு இப்படி இருக்காது."

"இருமல்லா எனக்கு!"

"அப்படியா? எந்தம்பி இந்த வூட்டுல கடைசியா என்ன சொன்னான்? அதச் சொல்லு."

அந்தப் பக்கம் இருமல் கேட்டது. சொன்னால் பழைய சண்டை, சொல்லாவிட்டால் ஸ்கேமர்.

"அதெல்லாம் இப்ப எதுக்குக்கா?"

"வச்சிடவா?"

"இரு, இரு. கறி… கொஞ்சம் அழுத்தமா இருக்குன்னு…"

"அவன் அப்படிச் சொல்லல. வைக்கிறேன்."

"ஒட்டுப்பாலு! ஒட்டுப்பாலுன்னு சொன்னேன்! ஒட்டுப்பாலாத்தான் இருந்துச்சு! எனக்குப் பல்லே ஆடிப்போச்சு, போதுமா?"

கலாதேவி அக்கா காப்பிக் கோப்பைக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டார். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"பத்திரிக எங்கடா?"

"ஒனக்குத் தபால்லயா அனுப்ப முடியும்? நேர்ல வச்சுக் குடுக்கணும்லா. காய்ச்சலு, இருமலு, காரு ஓட்ட முடியல. ஞாயித்துக்கெழம வாரோம்."

"வா," என்று மட்டும் சொல்லி அம்மா வைத்தார். பிறகு கைப்பேசியை என்னிடம் நீட்டினார். "டேய் சுரேன், இந்த நம்பரப் போட்டு வை."

"மாமான்னு போடவா, தம்பின்னு போடவா?"

அம்மா இரண்டுக்கும் இல்லை என்று தலையாட்டினார்.

"ஆயர் தாவார்னு போடு. மொதல்ல பத்திரிக வரட்டும். தம்பியா இல்லியான்னு அப்புறம் பாப்போம்."