சந்தனப் பொட்டு

அருப்புக்கோட்டையில் சேலைகளை ஆன்லைனில் விற்கும் ஜெயபாண்டி, மதுரையில் முதலாளிகளுக்கு நடந்த பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வந்திருந்தார். வெப்சைட் முடங்கினால் யார் காரணம் என்று கேட்காதீர்கள், எப்படி முடங்கியது என்று கேளுங்கள் என்று அங்கே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். வந்ததும் ஆபீஸில் எல்லோரையும் கூப்பிட்டார்.

"யாரு மேலயும் குத்தமில்ல. போன வாரம் நம்ம சைட்டு எப்படி நின்னுச்சு?"

சேலைகளைப் பார்சல் கட்டும் சுமதி சொன்னாள்.

"ஆயுத பூசையன்னைக்கு மிஷினு எதுவும் ஓடக்கூடாதுன்னு நீங்கதான் சர்வரை அணைச்சீக அண்ணாச்சி. பெறகு அது எந்திரிக்கல. வேணாம்னு நாகஜோதி எம்புட்டோ சொன்னா."

வெப்சைட் ஓடும் கம்ப்யூட்டரான அந்த சர்வரைப் பார்த்துக்கொண்ட நாகஜோதியை, பூசைக்கு மறுநாளே அவர் வேலையிலிருந்து நிறுத்தி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்.

ஜெயபாண்டிக்குக் கோபமும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. சர்வரின் சுவிட்சில் பூசைக்கு வைத்த சந்தனம் காய்ந்து கிடந்தது. அதில் அவருடைய விரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது.