விட்டுப்போன புள்ளி

வணிக வளாகத்தின் மூன்றாம் கட்டம் திறக்கப்பட்ட அன்று காலை பதினொரு மணிக்கு, செருப்புக் கடைக்கும் வாசனைத் திரவியக் கடைக்கும் நடுவிலிருந்த தையல் கடை காணாமல் போனது. உள்ளே தைத்துக்கொண்டிருந்த பெண்ணும் கூடவே போனாள். அன்று வந்தவர்கள் நாற்பதாயிரம் பேர். பனிச்சறுக்குத் தளத்தையும் பன்னிரண்டு திரையரங்குகளையும் சுற்றிப் பார்த்த யாருக்கும் ஒரு கடை குறைந்தது தெரியவில்லை.

காரணம் தெரிந்தவர் அவள் கணவர் மட்டும்தான். வாசலில் நிற்கும் வழிகாட்டிப் பலகையை வரைகிறவர் அவர். வளாகம் அந்தப் பலகையைப் பார்த்துத்தான் நடந்துகொள்ளும். ஒருமுறை அவர் கழிப்பறையைத் தூணுக்கு இடப்பக்கம் வரைந்துவிட, மறுநாள் அது இடப்பக்கம் போயிருந்தது. துப்புரவுப் பணியாளர்கள் முணுமுணுத்துவிட்டு வாளியோடு அங்கே போனார்கள். பெரிய கடைகளை முதலில் வரைவார், பிறகு நகரும் படிகள், கடைசியாகச் சின்னக் கடைகளுக்கு ஆளுக்கொரு புள்ளி. அன்று மற்றவர்களுக்கெல்லாம் புள்ளி வைத்தாகிவிட்டது. மனைவியின் கடை மட்டும் பாக்கி. நம்ம கடைதானே என்று டீ குடிக்கப் போனார். திரும்பி வருவதற்குள் பலகைக்குக் கண்ணாடி போட்டு முத்திரை வைத்துவிட்டார்கள்.

“இனிமே நாலாம் கட்டத்துக்குத்தான் சார் திறப்போம்,” என்றார் மேனேஜர்.

கடை இருந்த இடத்தில் நின்ற சுவரை இடித்துப் பார்த்தார்கள். பின்னால் வாசனைத் திரவியக் கடைதான் இருந்தது. திரும்பக் கட்டியதும் உள்ளே தையல் மெஷின் ஓடத் தொடங்கியது.

“ஏங்க, டீ குடிச்சாச்சா?” என்று சுவர் கேட்டது.

“இதோ, குடிச்சிட்டே இருக்கேன்.”

அவளுக்கு மணி இன்னும் பதினொன்றுதான். பசிக்கவில்லை, தூக்கம் வரவில்லை. கணவருக்கு முடி நரைத்தது. அன்று இரண்டாம் வகுப்பிலிருந்த மகள் ஒவ்வொரு ஆண்டும் பள்ளிச் சீருடையைச் சுவரின் அடியிலிருந்த இடுக்கில் தள்ளுவாள். மடிப்பு இறக்கி வெளியே வரும். “யாரோட துணிங்க இது? நம்ம வாலு இவ்வளவு உயரமாக இன்னும் எத்தனை வருஷம் இருக்கு!” என்று அம்மா சிரிப்பாள். அப்பாவும் மகளும் துணியை மடித்து எடுத்துக்கொண்டு போவார்கள். விஷயம் பரவி, ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று மாவட்டத்து ஜனம் கால்சட்டைகளோடு வரிசையில் நின்றது. பனிச்சறுக்குத் தளத்தைவிடச் சுவருக்குக் கூட்டம் அதிகம்.

பதினோராம் ஆண்டு நான்காம் கட்டம் முடிந்து, பலகையின் கண்ணாடியைத் திறந்தார்கள். மேனேஜர் வரைபடக்காரரின் தோளுக்குப் பின்னாலேயே நின்றார். “சுவருக்குப் பெரிய நட்சத்திரமா போடுங்க. கடையெல்லாம் வேணாம். கதவு வந்துட்டா எவன் சார் வந்து பாப்பான்?”

வரைபடக்காரர் நட்சத்திரம் போட்டார். மேனேஜருக்கு ஃபோன் வந்து முகம் திரும்பிய நொடியில், அதன் நடுவே ஊசி முனையால் ஒரு புள்ளி குத்தினார். அதற்குமேல் நேரம் கிடைக்கவில்லை. கண்ணாடி மூடப்பட்டது. ஐந்தாம் கட்டத்துக்கு நிலம் இல்லை.

மறுநாள் காலை சுவரில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை இருந்தது.

மகள் அப்போது பக்கத்துச் செருப்புக் கடையில் விற்பனைப் பெண். கடைச் சீருடையில், கையில் ஒரு பாவாடையோடு வந்து துளையில் கண்ணை வைத்தாள். மெஷின் நின்றது. அந்தப் பக்கமும் ஒரு கண் வந்தது.

“யாரும்மா? என்ன தைக்கணும்?”

மகள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாவாடை. மடிப்பு இறக்கணும்க்கா.”

“குடுத்துட்டுப் போம்மா. மதியத்துக்குள்ள முடிச்சிடறேன். சாயந்திரம் என் பொண்ணு ஸ்கூல் விட்டு வந்துடுவா, அப்புறம் ஒரு வேலையும் ஓடாது.”

“சரிங்கக்கா,” என்று மகள் பாவாடையை இடுக்கில் தள்ளினாள். வரிசையில் அடுத்தவர் முன்னால் வந்தார்.