சுற்றில் நிற்பவர்

அந்த விமானத்தில் இருந்தது இரண்டு மணி நேரத்துக்கான எண்ணெய். அது ஒன்பது வருஷமும் மூன்று வாரமும் ஊருக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தது. மூக்கில் விசிறி வைத்த பழைய சண்டை விமானம், ஒரே ஆள்தான் உட்காரலாம். ராணுவ விமானத்தளத்தின் வேலியில் தொடங்கி, குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டி, கடைவீதி, ரயில் பாலம் என்று வட்டமடித்து, ஆறு நிமிஷத்துக்கு ஒருமுறை புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். ஊர்க்காரர்கள் அதை வைத்து முட்டை வேகவைத்தார்கள். ஒரு சுற்றில் எடுத்தால் மஞ்சள் கரு இளகியிருக்கும், இரண்டு சுற்று விட்டால் கெட்டிப்பட்டுவிடும். கடிகாரம் நின்றுபோன வீடுகளில் அதைப் பழுதுபார்க்கக்கூட யாரும் கொடுக்கவில்லை.

விமானத்துக்குள் இருந்தவருக்கு அணியில் டெய்லர் என்று பெயர். ஓய்வு நேரத்தில் விமானிகள் ஆளுக்கொன்று செய்வார்கள். ஒருவர் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்த்தார். இன்னொருவர் வயலின் கற்றுக்கொண்டார், அதனால் அவரோடு அறையில் தங்க ஆள் கிடைக்கவில்லை. டெய்லர் கால்மிதி தையல் இயந்திரத்தில் மகளுக்குக் கவுன் தைத்தார். "சண்டைக்குப் போற கையா இது?" என்று சக விமானிகள் கேலி செய்வார்கள், சிரித்துக்கொண்டே பொத்தான் கட்டுவார். உண்மை அவர் மனைவிக்கு மட்டும் தெரியும். திரும்பி வராத விமானியின் பெட்டியைக் காலி செய்து வீட்டுக்கு அனுப்பும் வேலை அந்த அணியில் எப்படியோ டெய்லர் தலையில் விழுந்திருந்தது. சவரக்கத்தியைத் துடைத்து வைக்க வேண்டும், செருப்பைக் கட்ட வேண்டும், கடிதங்களைப் படித்துப் பார்த்து இறந்தவரின் மனைவி கண்ணில் படக்கூடாததைக் கிழித்துப் போட வேண்டும். அந்த வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் கை நடுங்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை உண்டு. அதில் கை நடுக்கம் தெரிந்தால் பறக்கவிடாமல் தரையில் உட்காரவைத்துவிடுவார்கள். தரையில் உட்காருவது என்றால் அவருக்கு எமன் கூப்பிட்ட மாதிரி. ஊசியில் நூலைக் கோத்தால்தான் விரல் சொன்ன பேச்சைக் கேட்கும் என்று கண்டுபிடித்து வைத்திருந்தார். மகளுக்கு ஆறு வயதாகும்போது அவளிடம் அப்பா தைத்த கவுன் பதினொன்று இருந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வாயாரப் புகழ்ந்தார்கள். அவர் மனைவி அவற்றைத் துவைத்துக் கொடியில் போடும்போதெல்லாம், இது வயலின்காரர், இது மீன்காரர் என்று போனவர்களை மனசுக்குள் எண்ணிக்கொள்வாள்.

கண் விஷயத்தில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. பரிசோதனை அட்டையில் கடைசி வரியைப் படித்துவிட்டு, அதற்கும் கீழே பொடி எழுத்தில் இருக்கும் அச்சகத்தின் முகவரியையும் படித்துக் காட்டுவார்.

அவர் கடைசியாகக் கிளம்பிய நாளில் மேகம் இல்லை, எதிரி இல்லை, ஒன்றுமே இல்லை. எல்லைவரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, அவருக்கு முன்னால் இறங்கிய விமானம் டயர் வெடித்து ஓடுபாதையில் குறுக்கே நின்றது. "சுற்றில் நில்லுங்க, கூப்பிடுறேன்" என்றார் கோபுரத்துக்காரர். இறங்க முறை வரும்வரை வட்டமடித்துக் காத்திருப்பதை அப்படிச் சொல்வார்கள். வானத்துக்கு வழி சொல்லும் உயரக் கண்ணாடி அறையைக் கோபுரம் என்பார்கள். அதில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு காகிதச் சீட்டு உண்டு. பணி மாறும்போது போகிறவர் சீட்டுகளை வருகிறவர் கையில் ஒப்படைப்பார். சீட்டு இல்லாத விமானம், கோபுரத்தைப் பொறுத்தவரை, வானத்தில் இல்லை. அன்று கோபுரத்துக்காரருக்கு உயிர் போகிற பல்வலி. டெய்லரின் சீட்டு தேநீர் டம்ளரின் ஈர அடியில் ஒட்டிக்கொண்டு கழுவப் போய்விட்டது. மிச்சச் சீட்டுகளைக் கொடுத்துவிட்டு அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பல் டாக்டரிடம் ஓடினார். ஓடுபாதையைச் சுத்தம் செய்தார்கள். மற்றவர்களை இறக்கினார்கள். டெய்லர் சுற்றில் நின்றார்.

எண்ணெய் தீர்ந்திருக்க வேண்டிய நேரம் தாண்டிய பிறகும் தலைக்கு மேல் சத்தம் கேட்டதும்தான் எல்லாரும் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்கள். கோபுரத்தில் பணி மாறி வந்தவர் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார், தளபதி கூப்பிட்டார். டெய்லர் காதில் எதுவும் விழவில்லை. நிறுத்திவைத்தவர் யாரோ அவர்தான் அவிழ்த்துவிட வேண்டும் என்பது அந்தத் தொழிலின் எழுதாத சட்டம். அது இவ்வளவு கறாராக நடக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கோபுரத்துக்காரரை விசாரித்தார்கள். "என் சீட்டுல அவர் இல்ல" என்று சொல்லிவிட்டார். நான்காம் நாள் மாற்றல் வாங்கிக்கொண்டு கண்காணாத ஊருக்குப் போனார். ஒரு விபத்துகூட இல்லாத பணிக்காலம் என்று பின்னாளில் அவருக்கு ஒரு பதக்கமும் கொடுத்தார்கள்.

டெய்லரின் மனைவியின் பிழைப்பு அந்தரத்தில் தொங்கியது. ராணுவச் சம்பள அலுவலகத்தில் குமாஸ்தா தன்மையாகத்தான் சொன்னார்: கண்ணுக்கு முன்னால் பறக்கிறவருக்கு இறப்புச் சான்று கொடுக்க முடியாது, வேலைக்கு வராதவரை வருகைப் பதிவேட்டிலும் ஏற்ற முடியாது. அவள் விமானத்தளத்துச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். "புருஷன் மேல இருக்கான், இவ கீழ இருக்கா, நல்ல குடும்பம்" என்று பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? முதல் வருஷம் அவள் ஆறு நிமிஷத்துக்கு ஒருமுறை முற்றத்துக்கு வந்து கையசைத்தாள். அடுத்த வருஷம் காலையிலும் மாலையிலும். அப்புறம் துணி காயப்போட வரும்போது மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். அலுத்துப்போய் அல்ல, கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது. இடையில் நிஜமான சண்டை ஒன்று வந்தது. அணியில் மிச்சமிருந்தவர்கள் டெய்லரின் வட்டத்தைக் கடந்து எல்லைப்பக்கம் போனார்கள். பாதிப்பேர் வரவில்லை. அவர்கள் பெட்டிகளைக் காலி செய்ய ஆள் இல்லாமல், பூட்டோடு லாரியில் ஏற்றி அனுப்பினார்கள்.

மூன்றாம் வருஷம் ஒரு மத்தியானம், துணிக்கொடியில் ஒரு கவுன் வந்து விழுந்தது. வெள்ளைத் துணி, பச்சை நூல், பொடித் தையல். மகளுக்குப் போட்டுப் பார்த்தாள். தோள் கச்சிதமாக உட்கார்ந்தது, நீளம் மட்டும் இடுப்பைத் தாண்டவில்லை. மேலேயிருந்து பார்க்கிறவருக்குத் தோளின் அகலம் தெரியும், உயரம் எப்படித் தெரியும்? மகள் கண்ணாடி முன்னால் நின்று சிரித்தாள். அந்த வீட்டில் கவுன் எதற்குத் தைக்கப்படும் என்று தாய்க்குத் தெரியும். இது அவர் தனக்காகத் தைத்தது என்று அவளுக்குப் பட்டது. கவுனைத் தூக்கிக்கொண்டு பாராசூட் மடிக்கும் கொட்டகைக்கு ஓடினாள். பாராசூட்டை அங்கே குடை என்றும், மடிப்பவரைக் குடைக்காரர் என்றும் சொல்வார்கள். குடைக்காரர் துணியை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இது நான் மடிச்சுக் குடுத்த குடைம்மா. ஒரு பெரிய துண்டை வெட்டி எடுத்திருக்கார். இனிமே அவர் குதிக்க முடியாது. இறங்கினாதான் உண்டு."

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே குறி, அவரை முழுசாகத் தரையிறக்குவது. கோபுரத்துக்காரருக்கு மாதம் ஒரு கடிதம் போட்டாள், எல்லாம் பிரிக்காமலே திரும்பி வந்தன. ஒன்பதாம் வருஷம் விமானத்தளத்தை மூடிவிட்டார்கள். ஓடுபாதையில் புல் முளைத்தது, கோபுரத்தின் கண்ணாடியை யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள், குடியிருப்பைக் காலி செய்யச் சொல்லிக் கதவில் காகிதம் ஒட்டினார்கள். வீட்டை விட்டால் அவர் எந்த முற்றத்தைப் பார்த்துச் சுற்றுவார் என்று அவள் பயந்தாள். மகளைக் குடைக்காரரின் வீட்டில் விட்டுவிட்டு, இரண்டு நாள் பேருந்தில் போய் கோபுரத்துக்காரரின் வாசலில் நின்றாள்.

அவர் ஓய்வுபெற்று, பொக்கை வாயோடு இருந்தார். அவளைப் பார்த்ததும் யாரென்று கேட்கவில்லை.

"மறுநாள் காலையில கழுவுற தொட்டியில சீட்டைப் பாத்தேன்மா" என்றார். "மை கரைஞ்சு போயிருந்துது. சொன்னா வேலை போயிடும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்துட்டேன்."

"இப்பவாவது வாங்க" என்றாள். திட்டுவதற்கு ஒன்பது வருஷமாகச் சேர்த்துவைத்திருந்ததில் ஒரு சொல்லும் வாய்க்கு வரவில்லை. "வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

அவர் அவளோடு கிளம்பினார். இருவரும் ஊர் வந்து சேர்ந்ததும் குடைக்காரர் ஒரு லாரி பேட்டரியைக் கோபுரத்தில் ஏற்றி, பழைய வயர்லெஸ் பெட்டியோடு இணைத்துவைத்தார். அவர் கோபுரத்துக்காரரை உட்காரவைத்து, குழந்தைக்குச் சொல்வதுபோல மூன்று தரம் சொன்னார். அந்த அணியில் ஒரு நம்பிக்கை உண்டு: கோபுரம் கேட்காமல் எண்ணெய் முள்ளைப் பார்த்தால் ஆகாது. டெய்லரை ஒன்பது வருஷமாக யாரும் கேட்கவில்லை. அவரும் பார்க்கவில்லை. அதனால்தான் எஞ்சின் ஓடுகிறது. "நீங்க இறங்கச் சொல்லுங்க. எண்ணெயைப் பத்தி மட்டும் பேச்சே எடுக்காதீங்க" என்றார். கோபுரத்துக்காரர் மூன்று தரமும் தலையாட்டினார்.

காலை பத்தரை மணி. காற்று மேற்கிலிருந்து மெல்ல அடித்தது. குடைக்காரர் ஓடுபாதையின் புல்லை முந்தின நாளே வெட்டியிருந்தார். கோபுரத்துக்காரர் டெய்லரின் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார். வானத்திலிருந்து உடனே பதில் வந்தது, கிளம்பின அன்றைக்கு இருந்த அதே குரலில்: "சொல்லுங்க சார், சுற்றுலதான் நிக்கிறேன்." அவள் கண்ணாடி இல்லாத ஜன்னலோரம் போய் அண்ணாந்து பார்த்தாள். கோபுரத்துக்காரரின் கண்ணில் தண்ணீர் கொட்டியது, கை மைக்கை இறுக்கிப் பிடித்தது, முப்பது வருஷம் நாளுக்கு நாற்பது தரம் சொன்ன வாய் அதுபாட்டுக்குத் திறந்தது.

"இறங்கலாம். எண்ணெய் எவ்வளவு இருக்கு?"

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் கெடுத்தவர், சொல்லக்கூடாததைச் சொல்லியும் கெடுத்தார். வயர்லெஸ் கரகரத்தது, டெய்லர் முள்ளைப் பார்த்தார். "எண்ணெய் இல்ல சார்" என்றார். ஒன்பது வருஷத்துச் சத்தம் நின்றது. கடைவீதியில் பேசிக்கொண்டிருந்தவர்கள் தங்கள் குரலைக் கேட்டுத் திடுக்கிட்டு வாயை மூடினார்கள்.

அவள் கோபுரத்துக்காரரைத் தள்ளிவிட்டு மைக்கைப் பிடுங்கினாள். நாலாயிரம் அடியிலிருந்து எஞ்சின் இல்லாமல் மிதந்து வர அவருக்கு இரண்டு நிமிஷம் இருந்தது.

"என்னங்க, நான்தான்."

"நீயா? நீ எப்படி அங்க?"

"அதெல்லாம் அப்புறம். நேரா வாங்க. புல்லெல்லாம் வெட்டிவச்சிருக்கு."

"உயரம் பத்துமான்னு தெரியல" என்றார். "குதிக்கவும் முடியாது. குடையை வெட்டிட்டேன்."

"தெரியும். கவுன் வந்துது."

"பாப்பாவுக்குச் சரியா இருந்துச்சா?"

"அளவெடுத்துத் தச்ச மாதிரி இருந்துது" என்றாள்.

"அப்பாடா" என்றார் அவர். பிறகு பேசவில்லை, கை வேலையில் இருந்திருக்கும்.

ஓடுபாதைக்கு இருநூறு கெஜம் இந்தப்பக்கம், வடிகால் ஓரத்தில் விமானம் விழுந்தது. எரிவதற்கு எண்ணெய் இல்லாததால் தீப்பிடிக்கவில்லை. குடைக்காரர்தான் வார்களை அறுத்து வெளியே எடுத்தார். கழுத்து முறிந்திருந்தது, உடம்பு சூடாக இருந்தது, அன்று காலைதான் சவரம் செய்த முகம். வயது முப்பத்துநாலு. அவளுக்கு நாற்பத்துமூன்று ஆகியிருந்தது. மகள் வந்து, யாரோ அண்ணனைப் பார்ப்பதுபோலத் தள்ளி நின்று பார்த்தாள், பிறகு அப்பா என்று அழுதாள்.

மறுவாரம் அலுவலகத்தில் அதே குமாஸ்தா, தலை நரைத்தவர், படிவத்தை நிரப்பிவைத்திருந்தார். கையெழுத்துப் போடுமுன் அவள் படித்துப் பார்த்தாள். இறந்த தேதி என்ற இடத்தில் ஒன்பது வருஷத்துக்கு முந்தைய நாள் இருந்தது. புறப்பட்ட நேரத்தோடு எண்ணெயின் அளவைக் கூட்டி எழுத வேண்டும் என்பது விதி என்றார் அவர்.

"ஒன்பது வருஷமா எனக்குப் புருஷன் இருந்தார்" என்றாள் அவள். "தலைக்கு மேலதான் இருந்தார். இருந்தார்."

"இல்லேன்னு நான் சொல்லலம்மா. விதி அப்படி."

"உங்க வீடு எங்க?"

"கடைவீதியில."

"சத்தம் கேட்டுதா இல்லையா?"

குமாஸ்தா ஜன்னல் பக்கம் பார்த்தார். "கேட்டுது" என்றார். "இப்ப ஒரு வாரமா தூக்கம் வரல."

"அப்ப எழுதுங்க."

அவர் பழைய படிவத்தை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார். புதிய படிவத்தில் போன வாரத்துத் தேதியைப் போட்டார், காலை பத்து நாற்பது என்று நேரத்தையும் எழுதினார். அதற்கு அடுத்து, கடைசியாகப் பறந்தது மொத்தம் எத்தனை மணி நேரம் என்று ஒரு கட்டம் இருந்தது. லீப் வருஷங்களையும் சேர்த்துத் துண்டுக் காகிதத்தில் இரண்டு தரம் பெருக்கிப் பார்த்தார், இரண்டு தரமும் ஒரே விடை வந்தது. கட்டத்தில் இரண்டு இலக்கத்துக்குத்தான் இடம் விட்டிருந்தார்கள். அவர் கோட்டைத் தாண்டி ஓரம்வரைக்கும் ஐந்து இலக்கங்களையும் எழுதி, மை காய ஊதி, கையெழுத்துக்காக அவள் பக்கம் திருப்பிவைத்தார்.