கிண்ணத்தில் இருந்தது

மருந்துக்கடைக்காரர் முதலில் நேராகத்தான் கேட்டார். திருட்டுத்தனம் பிறகுதான் வந்தது.

பங்குத்தந்தை அந்தக் கோவிலுக்கு மாற்றலாகி வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. மருந்துக்கடைக்காரர் பங்குப் பேரவையின் செயலர். ஞாயிறுதோறும் பீடத்தருகே நின்று நற்கருணை வழங்க உதவுகிறவரும் அவர்தான். கோவிலில் ஒரு பல்பு எரியவில்லை என்றாலும் ஏணியோடு வந்து நிற்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கூட்டம் கலைந்ததும் அலுவலக அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"ஃபாதர், தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க பூசைக்கு வைக்கிற பாட்டில்ல இருக்கிறது ஒயின் இல்ல."

"ஒயின்தான். திராட்சைச் சாறு புளிக்க ஆரம்பிச்ச உடனே நிறுத்திடுவாங்க, அவ்வளவுதான் வித்தியாசம். திருச்சபை ஏத்துக்கிட்டதுதான்."

"எல்லாருக்குமா ஏத்துக்கிட்டாங்க?"

"தேவைப்படுறவங்களுக்கு. ஆயர் அனுமதி குடுத்திருக்கார்."

"உங்களுக்கு என்ன தேவை?"

பங்குத்தந்தை மேசைமேல் இருந்த பேனாவைத் திறந்து மூடினார். "உடம்புக்கு ஒத்துக்காது."

"சுகரா? சுகருக்கு இந்தச் சாறுதான் ஃபாதர் முதல் எதிரி. அதுக்கு ஒயினே தேவலாம்." மருந்துக்கடைக்காரர் கிண்டலுக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே கவலைப்பட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "என் கடையில டாக்டர் எழுதின மருந்துக்குப் பதிலா அதே நிறத்துல இன்னொண்ணைக் குடுத்தா அது மருந்தா? கோதுமை அப்பம், திராட்சை ஒயின், இது ரெண்டும் இல்லேன்னா பூசை செல்லாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுக்கறீங்க? அப்ப இத்தனை நாளா நீங்க வச்ச பூசையெல்லாம் செல்லுமா?"

கேள்வியில் பிழையில்லை. அதனால்தான் பதில் சொல்வது கடினமாக இருந்தது. "செல்லும். என்னை நம்புங்க" என்று மட்டும் சொன்னார் பங்குத்தந்தை. மருந்துக்கடைக்காரர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். நம்பவில்லை என்பது அவர் முதுகிலேயே தெரிந்தது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. முந்தைய பங்கில் இருந்தபோது பங்குத்தந்தை குடிகாரராகிப் போயிருந்தார். பூசைக்கு வாங்கிவைத்த ஒயினில் மிஞ்சியதில் ஒரு வாய் என்றுதான் தொடங்கியது. கடைசியில் ஒரு ஞானஸ்நானத்தின்போது குழந்தையை வாங்கக் கை நீட்டினார். அந்தக் கை ஆடியதைப் பார்த்த தாய், பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போய்விட்டாள். அவர் நர்ஸாக இருந்த தங்கையை அழைத்து, "என்னை எங்கேயாவது கொண்டுபோய்ச் சேர்த்துடு" என்றது அன்றுதான்.

மறுவாழ்வு இல்லத்திலிருந்து வெளியே வந்து ஓராண்டுக்கு மேலாகிவிட்டது. ஒரு சொட்டு தொடவில்லை. புதிய இடத்தில் யாருக்கும் தெரிய வேண்டாம், ஒரு முறையாவது ஒரு தாய் யோசிக்காமல் என் கையில் பிள்ளையைத் தரட்டும் என்று நினைத்திருந்தார்.

அந்த மழைக்காலத்தில் மருந்துக்கடைக்காரரின் அம்மா இறந்துபோனார். படுக்கையில் விழும்வரை ஒரு நாள் பூசைகூடத் தவறவிடாத பெண்மணி. கடைசி நேரத்தில் எண்ணெய் பூசி நோயில்பூசுதல் கொடுத்தவரும் பங்குத்தந்தைதான். அடக்கத்துக்கு முன்னால் கோவிலில் பூசை என்று முடிவாயிற்று.

அன்று காலை மருந்துக்கடைக்காரர் எல்லோருக்கும் முன்னால் கோவிலுக்கு வந்தார். பூக்கள் வைக்க வந்திருக்கிறார் என்று கோவில் பணியாள் நினைத்தான். இந்தப் பணியாளுக்கு ஊரில் வைத்த பெயர் மைக். அவன் ரகசியம் சொன்னால் கடைசி வரிசையில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். மைக் மணி அடிக்கப் போன நேரத்தில் மருந்துக்கடைக்காரர் பூசைச் சாமான்கள் இருக்கும் அறைக்குள் நுழைந்தார். கண்ணாடிக் குடுவையில் இருந்த சாற்றைக் கழுவுதொட்டியில் ஊற்றினார். பக்கத்து ஊர்க் கோவிலில் கேட்டு வாங்கி வந்திருந்த பூசை ஒயினைக் குடுவை நிறைய நிரப்பினார். மீதி பாட்டிலை அலமாரியில் வைத்தார். வேறு எதில் வேண்டுமானாலும் விட்டுக்கொடுக்கலாம், அம்மாவின் ஆன்மா விஷயத்தில் 'இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்' என்பதற்கு இடமில்லை என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பங்குத்தந்தைக்கு அன்று கடுமையான சளி. மூக்கு இரண்டு பக்கமும் அடைத்திருந்தது. போதாததற்குச் சவப்பெட்டியைச் சுற்றி வந்து தூபம் போட்டதில் பீடம் முழுக்கப் புகை. குடுவையில் இருந்ததை வழக்கம்போல முழுவதும் கிண்ணத்தில் ஊற்றியபோது நிறம் மட்டுமே தெரிந்தது. அதே கருஞ்சிவப்பு. ஒரு துளி தண்ணீர் சேர்த்தார். கடைசி இராவுணவில் ஆண்டவர் சொன்ன வார்த்தைகளை அப்பத்தின் மீது சொன்னார், கிண்ணத்தின் மீது சொன்னார். கிண்ணத்தை உயர்த்திக் காட்டினார். இறக்கி வைத்துவிட்டு முழந்தாளிட்டார்.

குனிந்ததில் ஒரு பக்க மூக்கு சட்டென்று திறந்துகொண்டது.

எழுந்தபோது முகம் கிண்ணத்துக்கு மேலே இருந்தது. மூச்சை இழுத்தார். அப்படியே நின்றுவிட்டார்.

அந்த வாசனையை அவர் உடம்பு மறக்கவில்லை. வாய் ஊறியது. விரல் நுனிகள் சூடாயின. கூட்டம் பதில் ஜெபத்தைச் சொல்லி முடித்து அவருக்காகக் காத்திருந்தது. மைக் தொண்டையைக் கனைத்தான்.

பங்குத்தந்தை தொடர்ந்து ஜெபித்தார். வாய் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே போனது. மனம் வேறு எங்கோ முட்டி மோதிக்கொண்டிருந்தது. பத்து வார்த்தைக்கு முன்னால் தெரிந்திருந்தால் கிண்ணத்தை நகர்த்திவிட்டு வேறு கொண்டுவரச் சொல்லியிருக்கலாம். வார்த்தைகளைச் சொல்லியாயிற்று, இப்போது முடியாது. இப்போது இது ஒயின் அல்ல. ஆண்டவருடைய இரத்தம். இதை அவர் பாடமாகச் சொல்லிக் கொடுத்தவர் மட்டுமல்ல, நடுங்கிய கைகளோடு நின்ற நாட்களிலும் விடாமல் நம்பியவர். கீழே ஊற்ற முடியாது. பூசை வைக்கிற குரு இதில் பங்குகொள்ளாமல் பூசை முழுமையாகாது.

ஆனால் நிறமும் மணமும் சுவையும் மாறுவதில்லை என்பதும் அதே பாடம்தான். உள்ளே போனால் அது என்ன செய்யுமோ அதைச் செய்தே தீரும். ஆன்மா ஆண்டவரை வாங்கிக்கொள்ளும், உடம்பு சாராயத்தை வாங்கிக்கொள்ளும். மறுவாழ்வு இல்லத்தில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறார். ஒரே ஒரு கிளாஸ் என்று போய், எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தவர்கள்.

கிண்ணம் ஏன் இவ்வளவு நிறைந்திருக்கிறது?

குடித்துவிடு என்றது ஒரு குரல். யாருக்கும் தெரியாது. பாவமும் இல்லை, கடமைதானே? அந்தக் குரல் எவ்வளவு பக்தியாகப் பேசுகிறது என்று உணர்ந்ததும் அவருக்கு முதுகு சில்லிட்டது.

சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரம் வந்தது. கூட்டத்தில் ஒருவருக்கொருவர் கைகூப்பினார்கள். முதல் வரிசையில், அம்மாவின் பெட்டிக்குப் பக்கத்தில், மருந்துக்கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவர் பார்வை பங்குத்தந்தை மீது இல்லை, கிண்ணத்தின் மீது இருந்தது. பங்குத்தந்தைக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கோபம் தலைக்கேறியது. அடுத்த நொடியே அந்த முகத்தில் இருந்த அழுது வீங்கிய கண்களும் தெரிந்தன.

அவர் அப்பத்தை உடைத்தார். ஒரு சிறு துண்டை எடுத்து அதன் ஓரத்தை மட்டும் கிண்ணத்தில் நனைத்தார். நனைந்ததோ நனையவில்லையோ என்கிற அளவுக்கு. கண்ணை மூடி வாயில் வைத்துக்கொண்டார். திருச்சபை கேட்டது அவ்வளவுதான், அது நிறைவேறிவிட்டது. நாக்கு மட்டும் விழித்துக்கொண்டது. எங்கே மீதி என்று கேட்டது.

கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பீடத்தைவிட்டு முன்னால் வந்தார். "கொஞ்சம் மேல வாங்க" என்றார், மருந்துக்கடைக்காரரைப் பார்த்து.

மருந்துக்கடைக்காரர் படியேறி வந்தார். வழக்கம்போல நற்கருணை வழங்கத்தான் கூப்பிடுகிறார் என்று கூட்டம் நினைத்தது.

"இதை நீங்க குடிச்சு முடிக்கணும்."

"ஃபாதர், நீங்க..."

"நான் குடிக்க முடியாது." ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைக்க மைக் ஓடினான், ஆனால் பங்குத்தந்தை கையமர்த்தினார். கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "எல்லாரும் கேட்டுக்குங்க. இந்தக் கிண்ணத்துல இருக்கிறது ஆண்டவரோட இரத்தம். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா நான் ஒரு குடிகாரன். சிகிச்சை எடுத்து நிறுத்தியிருக்கேன். என் மனசுக்கு இது என்னன்னு தெரியும், என் உடம்புக்குத் தெரியாது. அதனாலதான் எனக்கு வேற ஒயினுக்கு அனுமதி. முன்னாடியே உங்ககிட்ட சொல்லியிருக்கணும். வெக்கப்பட்டுக்கிட்டு சொல்லல."

ஒரு குழந்தை இருமியது.

மருந்துக்கடைக்காரரின் முகம் வெளுத்துப்போனது. மருந்து விற்கிறவர். குடியை நிறுத்தியவனுக்கு ஒரு கிண்ணம் ஒயின் என்றால் என்ன என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கிண்ணத்தை வாங்கினார். வாழ்நாளில் நற்கருணையைத் தவிர ஒரு சொட்டு தொடாத மனிதர், வெறும் வயிற்றில், கண்ணீர் வழிய, கடைசித் துளிவரை குடித்தார்.

பூசை முடிந்தது. பெட்டியைத் தூக்க ஆட்கள் தயாரானார்கள். உடையை மாற்ற உள்ளறைக்கு வந்த பங்குத்தந்தை அலமாரியைத் திறந்தார். மீதி பாட்டில் அங்கே நின்றது. முக்கால்வாசி இருந்தது. இது வெறும் ஒயின். யாரும் எந்த ஜெபமும் சொல்லாத, யாருக்கும் கணக்கில்லாத ஒயின். கதவு சாத்தியிருந்தது. அவருடைய வலது கை பாட்டிலின் கழுத்தைப் பிடித்திருந்ததை அவரே பிறகுதான் கவனித்தார்.

"ஃபாதர், பெட்டியத் தூக்கிட்டாங்க!" மைக் கதவுக்கு வெளியே நின்று ரகசியமாகச் சொன்னான். ஊருக்கே கேட்டது.

"உள்ள வா" என்றார் பங்குத்தந்தை. "இந்த விரலைப் பிரிச்சு விடு."

மைக் உள்ளே வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தான். "நான் கல்லறைக்குப் போனப்புறம் இதைக் கொட்டிட்டு, ஜன்னலையெல்லாம் திறந்து வை. வாடை இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு மழைக்குள் இறங்கி நடந்தார்.

மதியம் தன் அறைக்குத் திரும்பியதும் தங்கையை அழைத்தார். நடந்ததைச் சொன்னார்.

"அண்ணா, எவ்வளவு உள்ள போச்சு?"

"ஒரு துளிகூட இருக்காது."

"வேணும்போல இருக்கா?"

"இருக்கு. தெரு முனையில கடை இருக்கு. இங்கேயிருந்து போர்டு தெரியுது."

"ஜன்னலைச் சாத்து. நான் பஸ் ஏறிட்டேன்னு வச்சுக்கோ. சாயங்காலம் வந்துடுவேன். அதுவரைக்கும் தனியா மட்டும் இருக்காதே, புரியுதா?"

"இங்க யாரும்மா எனக்கு இருக்கா?"

அவள் பதில் சொல்வதற்குள் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. மருந்துக்கடைக்காரர். மழையில் நனைந்த சட்டை. வீட்டுக்குக்கூடப் போகாமல் கல்லறையிலிருந்து நேராக வந்திருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"பாட்டிலை மாத்தினது நான்தான்."

"தெரியும்."

"மன்னிப்பெல்லாம் கேக்க எனக்கு யோக்கியதை இல்ல. ஒண்ணே ஒண்ணு மட்டும் தெரியணும். நான் செஞ்ச துரோகத்தால அம்மாவுக்கு வச்ச பூசை... அது செல்லுமா?"

பங்குத்தந்தைக்குக் கையில் கிடைத்ததை எடுத்து எறியலாம் என்று இருந்தது. என்னைக் கொல்லப் பார்த்துவிட்டு வந்து கேட்கிற கேள்வியா இது? ஆனால் எதிரில் நின்றவர், அம்மாவை மண்ணில் வைத்துவிட்டு வந்த பிள்ளை. கேள்வியும் ஒரு குரு பதில் சொல்லியே ஆகவேண்டிய கேள்வி.

"செல்லும்" என்றார். "பூசை நம்ம யோக்கியதையில நடக்கிறது இல்ல. உங்க தப்பாலயும் கெடாது, என் குடியாலயும் கெடாது. உங்க அம்மாவுக்கு ஒரு குறையும் இல்ல."

மருந்துக்கடைக்காரரின் தோள்கள் இறங்கின. "அப்ப அந்தச் சாறு?"

"அதுவும் செல்லும். ஆனா அதை நீங்க ஆயர்கிட்டயே கேட்டுக்குங்க. என் வார்த்தைய நம்பச் சொல்லி இனிமே நான் யார்கிட்டயும் கேக்க மாட்டேன்."

"கேக்கறேன்" என்றார் மருந்துக்கடைக்காரர், மறைக்காமல். திரும்பி வாசல்வரை போனார்.

"போகாதீங்க."

அவர் நின்றார்.

"உங்கமேல கோபம் போகல. இன்னைக்குப் போகாது" என்றார் பங்குத்தந்தை. "ஆனா நான் இப்ப தனியா இருந்தா அந்தக் கடைக்குப் போயிடுவேன். என் தங்கச்சி வர்ற வரைக்கும் இங்க உக்காருங்க. பேச வேண்டாம். உக்காந்தா போதும்."

மருந்துக்கடைக்காரர் நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முன்னால் போட்டு, வழியை அடைத்தபடி உட்கார்ந்தார். பங்குத்தந்தை அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். ஒருமுறை கதவருகே வந்து நின்றார். மருந்துக்கடைக்காரர் எழவில்லை, நகரவுமில்லை, தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினார். பங்குத்தந்தை மறுபடி நடந்தார். பிறகு யாரும் கேட்காமலே மருந்துக்கடைக்காரர் அம்மாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். கடைசி நாட்களில் அம்மா மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்ததை, 'மருந்துக்கடைக்காரன் பெத்த தாய் மருந்து சாப்பிடலேன்னு வெளியே சொல்லிடாதேடா' என்று கெஞ்சியதை. பங்குத்தந்தைக்கு அன்று முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. கட்டிலில் உட்கார்ந்தார்.

தங்கை வந்து கதவைத் தள்ளியபோது அது ஏதோ தடுத்துப் பாதிதான் திறந்தது. இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தாள். நாற்காலியில் ஒரு மனிதர் வாயைத் திறந்தபடி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அண்ணன் கட்டிலில் விழித்து உட்கார்ந்திருந்தான். அவன் கண்களைத்தான் முதலில் பார்த்தாள், தெளிவாக இருந்தன.

"யாருண்ணா இது?"

"எனக்குக் காவல்" என்றார் பங்குத்தந்தை. "மெதுவாப் பேசு. பல நாளாத் தூங்காத மனுஷன்."